அம்மா நடக்கும் கார்பெட்

அன்பு மகள் யுஸ்ராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் அம்மாவும் சுகம், அங்கே கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளை இல்யாஸும் குட்டி மிஸ்பாவும் சுகமாக இருக்க தினமும் துஆ கேட்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதோடு இதை வாயால் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமும் கூட.

முட்டி ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும், ஹாலிலேயே கட்டிலைப் போட்டு, தரையில் வாக்கர் வழுக்கிவிடக்கூடாதே என்று நம் கடையில் இருந்ததிலேயே புசுபுசுவென்று இருந்த கார்பெட்டை விரித்தேன் அல்லவா, அதை வீடியோவில் பார்த்துவிட்டு நீ கேட்டாயே, வாக்கர் பிடிச்சு நடக்கிற ஒரு கஸ்டமர் வந்தா இதைக் கொடுப்பீங்களா அத்தா என்று. முப்பது வருடமாகக் கார்பெட் விற்கிறவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று சத்தம் போட்டு போனை வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை வாக்கரின் கால் அதில் புதைந்து அம்மா சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, பின்னாலேயே நின்றதால் தாங்கிப் பிடித்தேன், அடி ஒன்றும் இல்லை, உன்னிடம் மறைத்தது என் தப்புதான். அதோடு அவள் கட்டிலை விட்டு இறங்கவே மறுத்துவிட்டாள். வேண்டாமுங்க, இன்னொருக்கா உழுந்தா எந்திரிக்க மாட்டனுங்க என்று ஒரே அழுகை. நடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்போதுதான் உன் கேள்வி உறைத்தது. நம் கடைக்கு வந்த சிங்காநல்லூர் அருண்குமார் தன் ஆபீசில் ஆள் நடமாட்டம் அதிகம் என்றபோது நான் என்ன கொடுத்தேன்? இழை குட்டையாக, நெருக்கமாக, மடித்துப் பார்த்தாலும் அடித்துணி தெரியாத கெட்டி ரகம். சக்கர நாற்காலி ஓடினாலும் அமுங்காது. ஊராருக்கெல்லாம் யோசித்துக் கொடுக்கிறவன் உன் அம்மாவுக்கு மட்டும் கையால் தடவிப் பார்த்து எடுத்திருக்கிறேன், காலால் நடந்து பார்க்கவில்லை. அன்றே பழையதைச் சுருட்டிப் போட்டு, அந்தக் கெட்டி ரகத்தையே ஓரம் தூக்காமல் தரையோடு ஒட்டினேன். முதல் நாள் இரண்டடி வைத்தாள், அப்புறம் ஜன்னல் வரை, நேற்று அடுப்படிக்கே போய் எனக்கு டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன். நம்ம புள்ள உங்களையே திருத்திப்போட்டாளுங்க என்று ஒரே சிரிப்பு அவளுக்கு.

கண்ணு, நீ கேட்டிராவிட்டால் நான் இன்னும் வீம்பாகவே இருந்திருப்பேன். உனக்கு ரொம்ப நன்றி, கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். மிஸ்பா தவழும் வீட்டில் வெள்ளைக் கார்பெட் மட்டும் வாங்கிவிடாதே. வெள்ளிக்கிழமை மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு, அவளே எழுந்து போய் போனை எடுப்பாள்.

பத்து வருடமானாலும் நடந்த தடம் விழாதுங்க என்று சொல்லியே விற்றவன் நான். இன்று காலை குனிந்து குனிந்து பார்த்தேன், கட்டிலிலிருந்து அடுப்படி வரை தடம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று. இன்னும் இல்லை. இந்த ஒரு கார்பெட் மட்டும் சீக்கிரம் தேயட்டும் என்று நீயும் துஆ செய்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஜபருல்லா
கோட்டைமேடு, கோவை