லவுஞ்ச் வேண்டாம், பிள்ளை

ரொக்ஸ்பரோ,
மொன்றியல்.

அன்பு மகள் நிருஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் பச்சைப்பிள்ளையும் மருமகன் மதுஷனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் விளக்குக்கு முன் நின்று கேட்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுத வேண்டிய இடம் இது. அப்பாவின் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்காலும் படியேற விடுகிறது, அந்த அளவில் சுகம்தான். மனம்தான் சரியில்லை, அதைப் போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். போனில் உன் குரல் கேட்டாலே அப்பா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுவார். வாய் திறக்கமாட்டார், ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்பார். அவர் காதில் விழாமல் உன்னோடு கதைக்க இந்த வீட்டில் எனக்கு ஒரு மூலை இல்லை. எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். என் எழுத்து விளங்காவிட்டால் மருமகனைக் கொண்டு வாசி, அவரும் அறியட்டும்.

நீ அனுப்பிய டிக்கெட் நேற்று வந்தது, எனக்கும் அப்பாவுக்குமாக. பேத்தி பிறந்து இரண்டு கிழமையாகப் போகிறது, நான் அவளை இன்னும் ஒரு தரம் கையில் தூக்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு முதல் உன்னிடம் பேர்த்துக்கு வந்து சேர்ந்தால் மிச்ச நாளாவது உனக்குச் சரக்குக்கறி வைத்துத் தரலாம், வயிற்றைக் கட்டிவிடலாம், இரவில் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு உன்னை நித்திரை கொள்ள விடலாம். சந்தோஷமாகத்தான் திறந்து பார்த்தேன். பார்த்தால் இடையில் இறங்கும் இடத்தில் போன முறையை விடவும் நீளமான காத்திருப்பு, கிட்டத்தட்ட முழுப் பகலும். அதற்குக் கீழே நீ ஒரு வரி போட்டிருக்கிறாய், இது முந்தியதை விட நல்ல லவுஞ்ச், படுக்கிற கதிரை இருக்கு, குளிக்க இடம் இருக்கு, வடிவா றெஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு. அதை வாசித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கதிரையில் எறிந்துவிட்டேன். பிறகு எடுத்து அப்பாவிடம் காட்டினேன். "நான் வரேல்லை, நீ போ" என்றார். இப்போது நான் என்ன செய்வது? உன்னிடம் வந்தால் சீனிக்கு ஊசி போடுகிற மனிதரை இங்கே தனிய விட வேண்டும். அவரோடு இருந்தால் பச்சை உடம்புக்காரியான உன்னை அங்கே தனிய விட வேண்டும். உங்கள் இரண்டு பேருக்கும் கோபித்துக்கொள்ளச் சுகம். நடுவில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும்.

போன முறை நடந்ததில் நீ பாதியைக் கேட்டாய், மீதியை நீயே முடிவு செய்துவிட்டாய். ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நீ பேர்த்தில் இருந்துகொண்டே முதல் நாளே எங்களுக்குச் செக்-இன் செய்து, போர்டிங் பாஸைப் போனுக்கு அனுப்பி, "எல்லாம் முடிஞ்சுது அம்மா, ஆறுதலா வெளிக்கிட்டாக் காணும்" என்றாய். எனக்கு அது விளங்கியது. அப்பாவுக்குப் போனில் இருக்கிற போர்டிங் பாஸ் போர்டிங் பாஸ் இல்லை. ராகுகாலம் தொடங்க முதல் வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரவுப் பிளேனுக்கு மத்தியானமே டொர்வால் எயார்போர்ட்டுக்குப் போய்விட்டோம். கர்க்லாண்டில் இருந்து சவிரிமுத்து அண்ணைதான் வந்து ஏற்றிக்கொண்டு போனார். "குணரத்தினம், பிளேன் இன்னும் அங்கயிருந்தே வெளிக்கிட்டிருக்காது, நீர் இப்பவே பெட்டியோட நிக்கிறீர்" என்று வழி முழுக்கப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தார். சொன்னது போலவே பெட்டி கொடுக்கிற கவுண்டரில் ஒருவரும் இல்லை. அங்கே நின்ற பிள்ளை முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும், இவ்வளவு முந்தி பெட்டி எடுக்கமாட்டோம், பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. செக்-இன் முந்தியே செய்யலாமாம், பெட்டியை மட்டும் முந்திக் கொடுக்கக் கூடாதாம். இதை ஏன் நீ எனக்குச் சொல்லவில்லை? பெட்டிகளுக்குக் காவலாக அங்கேயே இருந்தோம். கவுண்டரைத் திறந்துவிடுவார்கள் என்று அப்பா என்னைப் பாத்ரூமுக்குக்கூட நிம்மதியாகப் போக விடவில்லை. பசி வந்தது. இடையில் இறங்கும் இடத்தில் சாப்பிட என்று நான் கட்டி வந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் டொர்வாலிலேயே அவிழ்த்துச் சாப்பிட்டு முடித்தோம். அங்கேதான் லவுஞ்ச் இருக்கிறதே, நிருஷா எல்லாம் ஒழுங்கு பண்ணியிருக்கிறாளே என்ற துணிவு எனக்கு.

அந்த லவுஞ்சுக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாசலில் இருந்த பெண் உன் பாஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், கையை உள்ளே காட்டினாள், அவ்வளவுதான். உள்ளே மெத்தைக் கதிரைகள், ஒரு பக்கச் சுவர் நீளத்துக்குச் சாப்பாடு. வெள்ளி மூடி போட்ட பெரிய தட்டுகள், கீழே சின்ன நெருப்பு, பழம், கேக், பாண் எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. அப்பா அதைக் கண்டதும் நின்றுவிட்டார். நீ சின்னப்பிள்ளையாக இருந்த காலம் முழுக்க அவர் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் வேலை செய்தார் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த மூடித் தட்டுகளை நிரப்புவதும் துடைப்பதும், விருந்தாளிகள் போன பிறகு எச்சில் கோப்பைகளை அள்ளுவதும்தான் வேலை. அதில் ஒரு துண்டை வாயில் வைக்கக் கூடாது, மிஞ்சினால் குப்பைக்குப் போக வேண்டும். ஜெறோம் என்று ஒரு மட்டக்களப்புப் பெடியன் ஹோட்டலுக்குப் பின்னால் ஒழுங்கையில் நின்று ஒரு கேக் துண்டைத் தின்றதற்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனை மெட்ரோவில் வில்லரே வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தவர் உன் அப்பா. விருந்துச் சாப்பாட்டு வாசத்தோடு வீட்டுக்கு வந்து, நான் மூடி வைத்த ஆறின சோற்றைத்தான் அத்தனை வருஷமும் சாப்பிட்டார்.

அந்த மனிதரைக் கொண்டுபோய் அந்தத் தட்டுகளுக்கு முன்னால் நீ நிறுத்தினாய். உனக்குத் தெரியாமல்தான், அது எனக்கு விளங்குகிறது, ஆனாலும் நடந்தது அதுதான். எல்லாரும் எடுக்கிறார்கள், நீங்களும் போய் எடுங்கோ என்று நான் சொன்னேன். "அவையள் விருந்தாளியள்" என்றார். நாங்களும் அப்படித்தான், நிருஷா எடுத்துத் தந்த பாஸ் என்றேன். "ஒருத்தரும் சாப்பிடுங்கோ எண்டு சொல்லேல்லையே, கொஞ்சம் பொறு" என்றார். பொறுத்திருந்தால் பரவாயில்லை, ஒரு தட்டின் மூடி சரிந்திருந்தது என்று எழும்பிப் போய் அதைச் சரியாக வைத்தார். திரும்பி வரும் வழியில் பக்கத்து மேசையில் யாரோ குடித்துவிட்டு வைத்த கப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே வேலை செய்த பெண் ஓடி வந்து, சேர், நீங்கள் இருங்கள் என்று கையில் இருந்து வாங்கினாள். அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது. ஆனால் இவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. அதன் பிறகு இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நானே போய் ஒரு கோப்பையில் பாணும் முட்டையும் பழமும் எடுத்து வந்து முன்னால் வைத்தேன். தொடவில்லை. மேலே ஒரு பேப்பரை விரித்து மூடி வைத்தார். எனக்கு எரிச்சல் வந்து ஏசிவிட்டு, என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, அந்த மெத்தைக் கதிரையில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முதல் போடும் ஊசியை அவர் உள்ளே வந்த உடனேயே போட்டிருந்தார்.

நான் கண் விழித்தது சனங்களின் சத்தத்துக்கு. அப்பா கம்பளத்தில் கிடந்தார், சீனி இறங்கி, வேர்த்து நனைந்து, என் பேரைச் சொன்னாலும் என்னைத் தெரியாமல். பிறகு ஆஸ்பத்திரி, ஊர் பேர் தெரியாத இடத்தில் இரண்டு இரவு. அங்கே இருந்து உன்னிடம் வரத்தான் நான் கெஞ்சினேன். டொக்டர் அப்பாவை அவருடைய சொந்த டொக்டரிடம் போகச் சொல்லிவிட்டார், காப்புறுதிக்காரர் வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்புவோம், முன்னுக்கு அனுப்ப எங்களுக்கு வழியில்லை என்றார்கள். உனக்கும் அந்த நேரம் பார்த்து குறித்த நாளுக்கு முந்தியே வலி வந்தது. நீ பிள்ளை பெறும்போது நான் கடலுக்கு மேலே, உனக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். தாய் கையைப் பிடிக்காமல் பெற்ற உன் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது, உன்னைவிடக் கூடவே இருக்கிறது.

ஆனால் நீ அன்றைக்குப் போனில் சொன்னாயே, "அப்பாவுக்குச் சாப்பிடக்கூடத் தெரியாதே? அவராலதான் நான் ஒருத்தரும் இல்லாமல் பெத்தனான்" என்று. அது சரியில்லை, பிள்ளை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் எழும்பிக் கீழே பேஸ்மென்டுக்குப் போனவர், விளக்கு வைக்கும் வரைக்கும் மேலே வரவில்லை. அதன் பிறகு அவருக்கு ஒரே வேலை வெளியில் இலை கூட்டுவதுதான். எங்கள் முற்றம் முடிந்து இப்போது பக்கத்து வீட்டுக்காரருடையதையும் கூட்டுகிறார். நேற்று டிக்கெட்டைக் காட்டினபோது வரமாட்டேன் என்றுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை என்னை வரச் சொன்னவளோ, இல்லாட்டி டிக்கெட் மட்டும்தான் வந்ததோ?" என்று கேட்டார். உண்மையில் டிக்கெட் மட்டும்தானே வந்தது. நீ பொருளாக எல்லாம் தருவாய், வாயால் ஒரு சொல் தரமாட்டாய். அதுவும் அவரிடம் இருந்து வந்த குணம்தான். ஹோட்டல் கதையை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ என்றால், "அவளுக்கு ஏன் அதெல்லாம்" என்கிறார். சொல்லாமல் இருப்பாராம், ஆனால் விளங்கவில்லை என்று மனம் நோவாராம். நான் இரண்டு பேரோடும் என்ன பாடுபடுவது?

இனிக் காரியத்துக்கு வருகிறேன். இந்த டிக்கெட்டை மாற்று. இடையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிற்காத பிளேனாகப் பார். லவுஞ்ச் வேண்டாம், மற்றச் சனங்களோடு பிளேன் ஏறுகிற கேட்டுக்குப் பக்கத்தில் சாதாரணக் கதிரையில் இருக்கிறேன், அங்கே அறிவிப்பும் காதில் விழும். செக்-இன்னை நீயே முந்திச் செய்து எனக்கு நடைபாதைப் பக்கத்து இடமாக எடு. நான் இந்த முறை பெட்டி எடுக்கிற நேரத்துக்குத்தான் போவேன், சவிரிமுத்து அண்ணையிடம் இப்போதே சொல்லிவிட்டேன். சரக்குத்தூள் அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்றாய், ஆகவே மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் அங்கேயே வாங்கி வை, நான் வந்து வறுத்து அரைக்கிறேன். அதுவரைக்கும் குளிர்ந்த தண்ணீர் குடியாதே, பின்னேரத்தில் தலை முழுகாதே. பிள்ளைக்குப் பால் கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டாமல் படுக்க வைக்காதே. சவிரிமுத்து அண்ணையின் மகள் லக்சனா வில்லரேயில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு கார்டறியில் வேலை எடுத்துவிட்டாள், பேத்திக்கு என்று ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் பின்னித் தந்திருக்கிறாள், பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆம், நான் வருகிறேன். அப்பா வந்தாலும் வருகிறேன், வராவிட்டாலும் வருகிறேன். கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் தனியப் பிளேன் ஏறியதில்லை, இப்போது ஏறப் போகிறேன். அவரை வரச் சொல்லிக் கேட்பதும் கேட்காததும் உன் பொறுப்பு, அதில் நான் தூது போகமாட்டேன். அவர் வராவிட்டால் ஒன்றை மட்டும் நீ செய்ய வேண்டும். நான் அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும், இங்கே இராச்சாப்பாட்டு நேரத்தில், உனக்கு அது விடியற்காலை, நீயே அவருக்கு வீடியோவில் எடு. நான் எடுக்கமாட்டேன், நீ எடு. ஏசாதே, அழாதே, நடந்ததைப் பற்றிக் கதையாதே. அவர் ஊசி போட்டுச் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இரு.

நீயும் பிள்ளையும் மருமகனும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நல்லாக இருக்க வேண்டும். பேத்தியின் உச்சியில் எனக்காக ஒரு கொஞ்சல்.

ஒன்றை மறந்துவிடாதே. போனை எடுத்ததும், "ஓம் பிள்ளை, நான் சாப்பிட்டிட்டன்" என்பார். நம்பாதே, சாப்பிட்ட கோப்பையைக் காட்டச் சொல். அன்றைக்கு லவுஞ்சில் அரை நித்திரையில் நான் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்.

உன் அம்மா,
சிவநேசம் குணரத்தினம்