வைக்கோலுக்குக் கீழே இருப்பது தரிசு அல்ல

அனுப்புநர்:
பன்னிரண்டாம் மடைப் பாசனதாரரின் தம்பி,
அளவுக் கருவிப் பொறியாளர்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
கால்வாய்ப் பாசனப் பிரிவு.

பொருள்: பயிர் நிற்கும் நிலத்தைத் தரிசு என்று பதிந்து, பன்னிரண்டாம் மடையைப் பூட்ட இருப்பதை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவுக்குத் தங்கள் அலுவலகம் நோட்டீஸ் அனுப்பியுள்ளது. இரண்டு பருவங்களாக ஒதுக்கிய தண்ணீரில் பாதிகூட அவர் எடுக்கவில்லை. கள ஆய்வில் நிலம் தரிசாகக் காணப்பட்டது. ஆகவே இம்மாதம் பதினெட்டாம் தேதி மடை பூட்டப்பட்டு, அவர் பங்கு கால்வாயின் தொடக்கத்தில் உள்ள தலைமடைக்கு மாற்றப்படும் என்கிறது அது. முதலாவது உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது, அந்தத் தவறின் மேல் எழுப்பிய கட்டடம்.

2. விதைத்த சில நாட்களில் கள ஆய்வாளர் சாலையோரம் ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே பார்த்தார். நிலம் முழுக்க வைக்கோல், வரப்பு முழுக்கக் களைப்பூ. சேறும் இல்லை, தேங்கிய தண்ணீரும் இல்லை. தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த வைக்கோலுக்குக் கீழே மக்காச்சோளமும் தட்டைப்பயறும் பூசணியும் முளைவிட்டுக்கொண்டிருந்தன. "வைக்கோலை விலக்கிப் பாக்கக் கை வலிச்சுதாமா அவருக்கு?" என்று அக்கா கேட்டார். மனுவில் இதை எழுதுவது மரியாதை அல்ல என்று அறிவேன். இதைவிடச் சுருக்கமாகக் கேட்க எனக்கு வரவில்லை.

3. அந்த நிலம் வேலை செய்யும் விதம் இது. வைக்கோல் மூடியிருப்பதால் வெயில் மண்ணைத் தொடுவதில்லை. கீழே மண்புழு உழுகிறது. மண் பஞ்சு போலாகி, பாய்ச்சியதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோளத்தண்டில் பயறு ஏறுகிறது. பயற்றின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கிறது. மிச்சத் தரையைப் பூசணி இலை மூடுகிறது. வரப்புப் பூக்களை அவர் பிடுங்காதது சோம்பலால் அல்ல. தேனுக்கு வரும் குளவிகள்தான் பயிரின் புழுக்களைத் தூக்கிச் செல்கின்றன. அதனால் மருந்து அடிப்பதில்லை. வடியும் தண்ணீர் பள்ளத்து மூலையில் உள்ள சிறு குட்டையில் சேர்ந்து, தவளைகளை வளர்த்துவிட்டு, மோட்டார் வழியே திரும்பவும் மேலேறுகிறது. "ஒரே ஒரு வேலையைப் பாத்துட்டு ஓடற தண்ணிக்கு என் வயல்ல இடமில்ல" என்பது அவர் சட்டம்.

4. அக்கா என்பதற்காகப் புகழவில்லை. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினால் எங்களுக்குள் சண்டை வரும். மண் ஆய்வகத்து வேலையை விட்டுவிட்டு அவர் வயலுக்கு வந்தபோது முதலில் கத்தியவன் நான்தான். என் தொழில் அளப்பது. ஆகவே ஈரம் காட்டும் கருவிகளை அவர் வயலில் நானே புதைத்தேன். பக்கத்து வயல் காய்ந்து வெடித்த பிறகும் இங்கே ஈரம் காட்டின. கருவி பழுது என்று மாற்றினேன். புதியதும் அதையே சொன்னது. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் கண்டால் சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருப்பவன் நான். இப்போது அந்த வரப்பில் அப்படி நிற்கிறேன்.

5. நோட்டீஸைப் பார்த்த மேல்மடைச் சித்தப்பா, நல்ல எண்ணத்தோடுதான், ஒரு வழி சொன்னார்: "முறை வரும்போது மடையை முழுசாத் திறந்து ஓடையில விட்டுடும்மா. தண்ணி போனாப் போகுது, பங்கு நிக்கும்." அக்காவின் பதில்: "கொட்டிக் காட்டினாத்தான் நான் விவசாயியா சித்தப்பா? அப்படின்னா ஊர்லயே பெரிய விவசாயி உடைஞ்ச குழாய்தான்." மறுநாள் முறை வந்தது. வழக்கம்போல் பாதியில் மடைப் பலகையை இறக்கி அடைத்துவிட்டார். பதினெட்டாம் தேதி தலைக்கு மேல் தொங்கும்போதும்.

6. அந்த மிச்சம் எங்கே போகிறது என்று தங்கள் அலுவலகம் பார்க்கவில்லை. கால்வாயின் கடைசி மடையான பதின்மூன்றாவதற்குப் போகிறது. கோடைப் பயிரையே மறந்திருந்த அந்தக் கடைமடைக்காரர் இரண்டு பருவமாக விதைக்கிறார். சாட்சிக் கையொப்பம் கேட்டுப் போனபோது மனுவை அவர் படிக்கவே இல்லை. "அவங்க விட்டாங்க, நான் பாய்ச்சினேன். எங்க கையெழுத்து போடணும், தம்பி?" என்றார்.

7. குறைவு வேறு, இல்லை என்பது வேறு. கதிர் பிடிக்கும் இந்த நேரத்தில் இன்னும் இரண்டு முறை தண்ணீர் கட்டாயம் வேண்டும். குட்டை மட்டும் போதாது. மடை பூட்டப்பட்டால் இந்தப் பயிர் போகும், கடைமடைப் பயிரும் போகும். அதோடு, மிச்சம் பிடித்தால் பறிபோகும், கொட்டினால் நிலைக்கும் என்று கால்வாய் நெடுக எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். இந்தப் பாடத்தைத் தங்கள் துறை நடத்த வேண்டாம்.

ஆகவே பதினெட்டாம் தேதிக்கு முன் தாங்களே நேரில் வந்து பார்த்து, 'தரிசு' என்ற பதிவை நீக்கி, மடையைத் திறந்தபடியே விட ஆணையிடுமாறும், எடுக்காமல் விட்ட தண்ணீரைக் கடைமடைக்குக் கொடுத்ததாகக் கணக்கில் கொள்ளுமாறும் வேண்டுகிறேன். பயிர் இப்போது ஜீப்பிலிருந்தே தெரியும் உயரத்தில் நிற்கிறது. இருந்தாலும் தயவுசெய்து இறங்குங்கள்.

அக்கா மனுவைப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார்: "விலக்கிப் பாத்துட்டு, வைக்கோலை மறுபடி மூடிட்டுப் போகச் சொல்லு. ஈரம் போயிடும்."

நாள்: இம்மாதம் பதினொன்று
இடம்: பன்னிரண்டாம் மடை

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
பாசனதாரரின் தம்பி

சாட்சி: (கையொப்பம்)
பதின்மூன்றாம் மடைப் பாசனதாரர்