வெறுங்கை ஒத்திகை

அக்கா மகள் லாவண்யாவுக்கு, மாமன் சென்னப்பன் எழுதுவது. ஓசூரில் நானும் என் தொப்பையும் சுகம். உன் அத்தையும் சுகம், திட்டுக்குக் குறைவில்லை.

போன் இருக்கும்போது மாமனுக்குக் கடுதாசி எதற்கென்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. லோடு ஏற்றி மைசூர் வரும் அப்துல் சலாம் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அங்கே நாடகப் பள்ளியில் மூன்று வருஷம் தரை பெருக்கவும் மூச்சு விடவும் கற்றுக்கொடுத்தார்கள் என்றாய். அதை உன் அம்மாவே சொல்லித் தந்திருப்பாளே என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். எங்கள் கம்பெனி ஆட்களை வைத்து நீ நாடகம் பழக்கியபோது, ராஜா வேஷம் கேட்டு வந்த என்னை, "வசனமே வேணாம் மாமா. மெஷின் முன்னாடி உங்க கை என்ன செய்யுமோ, அதையே வெறுங்கையில செய்யுங்க" என்று நிறுத்தினாய்.

செய்தோம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகடு வெட்டும் பிரஸ் இறங்க வேண்டும். ஆனால் ஐந்து பேரும் வலது கையால் மட்டும் அழுத்தினோம். இடது கை தகடு தள்ளியது. வேகத்துக்காகக் கம்பெனி ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டியிருந்ததை எங்கள் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. கை சொல்லிவிட்டது. அதே பிரஸ்ஸில் இடது கை போன திருமலை ஓரமாக உட்கார்ந்து அழுதான். 'அவனுடைய அஜாக்கிரதை' என்று எழுதி வைத்த எச்.ஆர். நாராயணப்பனும் பார்க்க வந்திருந்தார். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். போனில் படமும் எடுத்துக்கொண்டார்.

நீ பரீட்சைக்குப் போன மறுநாளே நம் நாடகத்து மாதேஸ்வரனுக்குக் காய்ச்சல். இன்னொருவனுக்கு மாமியார் செத்துவிட்டாளாம். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மற்ற இருவரையும் வடக்கே ஏதோ யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நேற்று நாராயணப்பன் என்னைக் கூப்பிட்டு டீ தந்தார். நம் வாட்சப் குழுவில் நாம் பேசியதை எனக்கே வாசித்துக் காட்டினார். பிறகு, "உன் மருமக கெட்டிக்காரிப்பா. ஞாயித்துக்கிழமை நாடகத்துக்கு எந்த பஸ்ல வருதாம்?" என்றார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. யாராவது புகழ்ந்தால் போதும். பெங்களூர் பஸ், காலை பதினொன்று, ஜூஜூவாடியில் இறங்கி ஏரிக்கரை வழியாகத் தனியாக நடந்து வரும் என்று எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் எழுதிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

இன்று காலை அந்த ஏரிக்கரையில் நம்பர் இல்லாத ஜீப் ஒன்று நின்றது. உள்ளே இருந்தவன் என்னைப் பார்த்து இடது கையை ஆட்டினான்.

நீ வராதே பாப்பா. நாடகம் நின்றுவிடுமோ என்று கலங்காதே. தொரப்பள்ளித் திடலைப் பெருக்கிவிட்டு நானும் திருமலையும் நிற்போம். இரண்டு ஆளுக்கு மூன்று கை. உன் நாடகத்துக்கு அது போதும்.

நூறு வயசு நன்றாக இரு. ஞாயிறு காலை நானே போன் செய்து, "வா பாப்பா, ஒண்ணும் பயமில்ல" என்று கூப்பிட்டாலும் வராதே.

உன் ஓட்டைவாய் மாமன்,
சென்னப்பன்