காளான் சூப்பில் ஒரு கொலை

மியூனிக்,
15 மார்ச் 1976

என் செல்ல மகள் அன்னலீஸுக்கு, பெரியப்பாவின் ஆசிகள்.

வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை இந்த ஜெர்மனியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இத்தனை காலமும் பீர் கொண்டுவருபவனாகவும் தபால்காரனாகவும், இரண்டு முறை பிணமாகவும் நடித்த உன் பெரியப்பா கோர்பீனியன் இப்போது கொலைகாரன்! 26ஆம் தேதி, டிவியின் வெள்ளிக்கிழமைத் துப்பறியும் தொடரில் பார்.

கதையில் நான் ஒரு கடிகாரக் கடைக்காரன். மகளுக்கு வரப்போகும் மாப்பிள்ளை மேல் பொறாமைப்பட்டு, காளான் சூப்பில் விஷம் கலந்து கொல்கிறேன். நான் கரண்டியைச் சுழற்றியபோது மூன்று கேமராக்காரர்கள் மயங்கி விழுந்தார்கள். இன்ஸ்பெக்டரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுதபோது இசார் நதியே ஒரு நிமிடம் நின்று கேட்டது. டைரக்டர் இரண்டாம் தடவை எடுக்கவேயில்லை.

பிரேமனுக்குப் போனபின் மாதம் ஒரு கடிதம்தான் போடுகிறாய். போகட்டும். மே மாதம் உன் கல்யாணத்தில் உன் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்துப் போட, பேனாவில் இப்போதே மை நிரப்பிவிட்டேன்.

அன்புள்ள,
கோர்பீனியன் பெரியப்பா

---

பிரேமன்,
28 மார்ச் 1976

அன்புள்ள பெரியப்பா,

பார்த்தோம். ஹின்ரிக்கின் வீட்டில், என் வருங்கால மாமியார் டெட்டா, அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். 'என்னை வளர்த்தவர் இவர்தான்' என்று பெருமையடித்து நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன்.

தொடரில் வரும் மாப்பிள்ளைப் பையன் சூப் தட்டில் முகம் குப்புற விழுந்ததும் டெட்டா அம்மா ஹின்ரிக்கின் கையைப் பிடித்தவர்தான், அடுத்து வந்த செய்தி முடியும்வரை விடவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இந்த மனுஷனா உனக்குச் சாட்சி?" அது நடிப்பு என்றேன். "கொலை நடிப்புதான், எனக்கு அது தெரியாதா? அவர் அழுதாரே, அதைச் சொல்றேன். என் மகனை அவருக்குப் பிடிக்கலை."

சிரித்து மழுப்பினேன். ஆனால் அவர் விடுவதாக இல்லை. சாட்சிக்குத் தன் தம்பியையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நீங்கள் இல்லாமல் எனக்கு அந்தக் கல்யாணமே வேண்டாம், பெரியப்பா. மறுநாள் காலையில் ஹின்ரிக், அடுத்த சனிக்கிழமை மியூனிக் போய் வருகிறேன் என்றான். எதற்கு என்று சொல்லவில்லை. அவனைப் படுத்தாதீர்கள்.

உங்கள்
அன்னலீஸ்

---

மியூனிக்,
4 ஏப்ரல் 1976

செல்ல மகளே,

வந்தான். கதவைத் திறந்தால் மீசை வைத்த கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. நிலைப்படியே அவனைப் பார்த்து மேலே நகர்ந்துகொண்டது. ஈரல் உருண்டை போட்ட சூப் வைத்திருந்தேன். அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஐயா, எனக்குக் காளான் சூப்தான் வேணும். உங்க கையால."

கடைக்கு ஓடி உலர்ந்த காளான் வாங்கி வந்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டான், மகளே. ரொட்டியால் தட்டை வழித்தும் சாப்பிட்டான். பிறகு கூடத்தில் நின்று ஊருக்குப் போன் போட்டான்.

"அம்மா, உயிரோடதான் இருக்கேன். அன்னலீஸுக்குச் சாட்சி இவர்தான். இவர் இல்லேன்னா அவ இல்லை. அவ இல்லேன்னா நானும் இல்லை."

எதிர்முனையிலிருந்து அவன் அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "வாங்க சம்பந்தி," என்றார் உன் மாமியார். "ஆனா கல்யாணத்துல சூப் நான்தான் வைப்பேன்." நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாதென்று ஹின்ரிக்தான் நினைவுபடுத்தினான்.

இந்தப் பையனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அப்பா அம்மாவை இழந்த ஏழு வயதில் நீ என் வீட்டுக்குள் வந்து, வெறும் துணைநடிகனை ஒரு குடும்பஸ்தன் ஆக்கினாயே, உனக்குத்தான் எப்படி நன்றி சொல்வேன்?

முதல் கடிதத்தில் எழுதியதெல்லாம் கட்டுக்கதைதான். யாரும் மயங்கவில்லை. நதியும் தன்பாட்டுக்குப் போனது. விஷம், வெறும் சீரகத் தூள். ஒன்றே ஒன்றுதான் நிஜம். அந்த இடத்தில் கடிகாரக்காரன் அழ வேண்டும் என்று எனக்குக் கொடுத்த வசனத்தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. உன் மாமியாருக்குக் கண் கூர்மை. நேற்று மத்தியானம்வரை அவர் சொன்னது சரிதான்.

உன்
பெரியப்பா