கடைசிப் பாட்டில் கேட்கிற மூச்சு

என் அன்பு மச்சான் ஜெரோமுக்கு,

சவக்காலைக்கு வந்து மெழுகுதிரி கொளுத்திவிட்டு உன் கல்லுக்கு முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. பக்கத்துக் கல்லறைகளுக்கு வந்த சனம் என்னைக் கண்டு சுகம் விசாரிக்கத் தொடங்கிவிடும். அவர்களோடு கதைத்துவிட்டு, உனக்கு ஒன்றும் சொல்லாமலே வீட்டுக்குக் கிறுகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னுடைய ‘உருகுமுன்’னை இப்போது ஆட்கள் கேட்கிறார்கள், மச்சான். சிரிக்காதே, உண்மைதான். நம் குழுவின் இரண்டாவது இசைத்தட்டு, நீயும் நானும் நௌசாத்தும் தவிர ஒருவரும் முழுதாகக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நாங்களே சொல்லிச் சிரித்த அந்தத் தட்டு. லண்டனில் கேட்கிறார்கள், சென்னையில் கேட்கிறார்கள். நம் ஊரில்கூடக் கேட்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். கொஞ்சம் சொல்ல விடு.

நாங்கள் மூன்று பேர். நீ கிற்றாரும் பாட்டும், ஏறாவூர் நௌசாத் பேஸ் கிற்றார், நான் ட்ரம்ஸ். குழுவுக்குக் ‘கச்சான்’ என்று பெயர் வைத்தவன் நீதான். கோடையில் அடிக்கிற அந்தச் சுடுகாற்றை நினைத்து வைத்தாய். சனமோ வறுத்த கடலையை நினைத்துச் சிரித்தது. சிரித்தாலும் முதல் இசைத்தட்டைத் தூக்கிக் கொண்டாடியது. காதல் பாட்டுகள். சித்தாண்டியிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் கலியாண வீடு என்றால் நம் பாட்டு ஒன்றாவது போகும். அந்தக் காலத்தில்தான் என் தங்கை மெரினாவை நீ கட்டினாய். ஜெனி பிறந்தாள்.

பிறகு உனக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆற்றோரத்து ஐஸ் கொம்பனியில் மெஷின் திருத்துகிற வேலை உனக்கு. அங்கிருந்து சத்தங்களைப் போனில் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கினாய். மெஷின் உறுமுவது, ஐஸ் கட்டி உடைவது, மீன்பெட்டி சீமெந்துத் தரையில் இழுபடுவது. “இந்த மெஷின் ஒரு சுருதியில நிக்குது மச்சான். கிற்றாரை இதுக்குக் கட்டிப் பாப்பம்” என்றாய். கட்டினாய். எந்த ஆர்மோனியத்தோடும் சேராத ஒரு இடத்தில் வந்து நின்றது உன் கிற்றார். கால் மணித்தியாலம் போகிற பாட்டு ஒன்று. வார்த்தையே இல்லாத பாட்டு மூன்று. லொறிக்காரன் “உருகுமுன் ஏத்துங்கடா” என்று கத்தினதைப் பிடித்துத் தட்டுக்குப் பெயராக்கினாய்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உன் முகத்துக்கு நேரே சொன்னேன். “உனக்குப் பிடிக்காட்டியும் பரவால்ல, அடிக்கிறத ஒழுங்கா அடி” என்று சிரித்தாய். அடித்தேன்.

வெளியீட்டு நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதே பின்வரிசைகள் எழும்பத் தொடங்கின. ஒருவன் எழுந்து நின்று, “கச்சான் வறுக்கிற சத்தம்தான் கேக்குது! பாட்டு எப்பகா வரும்?” என்று கத்தினான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நீ மைக்கில், “வறுத்து முடியட்டும், தாறன்” என்றாய். முடிக்கும்போது முன்வரிசையில் சொந்தக்காரர்கள்தான் இருந்தார்கள். அவர்களிலும் இரண்டு பேர் நித்திரை. அதோடு கலியாண வீடுகள் நின்றன. நௌசாத் கத்தாருக்குப் போனான். நீ ஐஸ் கொம்பனியோடு இருந்தாய். சில வருசத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “கிற்றாருக்குக் கம்பி ஒரு செட் வாங்கி வை, வந்து மாத்துவம்” என்று எனக்குச் சொன்னாய். கிழமை முடியவில்லை, உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

இதை ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால், இப்போது கேட்கிறவர்கள் வேறு கதை சொல்கிறார்கள்.

யாரோ நம் தட்டை யூரியூப்பில் ஏற்றியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற ஒரு தம்பி, இசையைப் பற்றி வீடியோ போடுகிறவன், அதைக் கேட்டுவிட்டு நீளமாக ஒரு வீடியோ செய்தான். நல்லாய்த்தான் செய்திருக்கிறான். அந்தக் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் கேட்காததையெல்லாம் கேட்டிருக்கிறான். அவன் சொன்ன பிறகு நானும் தட்டைப் போட்டு முதலிலிருந்து கேட்டேன். சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு இப்போது பாதி பிடிக்கிறது. அந்த மீன்பெட்டிப் பாட்டில் நௌசாத்தின் பேஸ், மெஷின் சத்தத்துக்கு அடியால் நழுவிப் போய் வெளியே வருகிற இடம் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். அதை வாசித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. எப்படி வந்தது? கால் மணித்தியாலப் பாட்டு மட்டும் இன்றைக்கும் கால் மணித்தியாலம்தான். அதை நீ வெட்டியிருக்கவேண்டும். யார் சொன்னாலும் நான் மாற மாட்டேன்.

ஆனால் வீடியோவின் முடிவில் அந்தத் தம்பி ஒன்று சொன்னான். கடைசிப் பாட்டில், கிற்றார் ஓய்ந்த பிறகு ஒரு மூச்சுக் கேட்கிறதே, அடைத்து அடைத்து வருகிற மூச்சு, அது சாகப்போகிறேன் என்று தெரிந்த ஒரு மனிதன் விட்டுப்போன மூச்சாம். பாட்டுக்குக் ‘கடைசி’ என்று பெயர் வைத்ததைப் பாருங்கள் என்றான். தட்டுக்கு ‘உருகுமுன்’ என்று வைத்ததைப் பாருங்கள் என்றான். சொல்லும்போது அவனுக்கே குரல் உடைந்தது.

மச்சான், அதற்கு வேறு பெயர் யோசிக்கப் பஞ்சிப்பட்டு ‘கடைசி’ என்று நீ எழுதியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த மூச்சு ஜெனியின் மூச்சு. கைக்குழந்தை. தடிமன் பிடித்து மூக்கு அடைத்து, காற்றாடி இருக்கிற அறை என்று மெரினா அவளை எங்கள் காலடியில் பாயில் கிடத்தியிருந்தாள். மதியம், உன் வீட்டு அறையில்தான் ரெக்கோர்டிங். மைக்கில் அவள் மூச்சு விழுகிறது, தூக்கிக்கொண்டு போகச் சொல்லு என்று நான் கை காட்டினேன். நீ தலையாட்டி மறுத்துவிட்டு மைக்கை இன்னும் கீழே இறக்கினாய். “அவள் விடுற மாதிரி அடி” என்று என் காதுக்குள் சொன்னாய். நான் குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினேன். இரண்டு நீளமாக வரும், பிறகு ஒன்று அடைக்கும், நான் காத்திருக்கவேண்டும். அவள் விட்ட பிறகு தட்டவேண்டும். என் விரலுக்கு அது இன்னும் தெரியும்.

இதையெல்லாம் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். என்ன நடந்தது தெரியுமா? ‘ட்ரம்ஸ் அடிச்சவருக்குப் பொறாமை’ என்று ஒருவன் எழுதினான். ‘செத்தவரை நிம்மதியாக விடுங்கள்’ என்று இன்னொருத்தி. கனடாத் தம்பி மட்டும் மரியாதையாகப் பதில் போட்டான். “அண்ணா, நீங்க சொல்றது உண்மையா இருக்கும். ஆனா கேக்கிற எங்களுக்கு அது அப்படித்தான் கேக்குது. இனி அதை எப்படிக் கேக்காம விடுறது?” என்றான். அவனிலும் பிழையில்லை.

அதோடு விட்டிருப்பேன். ஜெனி கேட்டுவிட்டாள்.

இப்போது ஆறாம் வகுப்பு. உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பாள். அந்த வீடியோவைப் பள்ளிக்கூடத்தில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கடைசிப் பாட்டின் அந்தக் கொஞ்சத்தை மட்டும் காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறாள். சாப்பிடும்போதும், பாடம் எழுதும்போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளை முன்னுக்கு இருத்திச் சொன்னேன்.

“ஜெனி, அது அப்பா இல்ல புள்ள. அது நீ. உனக்கு அண்டைக்குத் தடிமன்.”

அவள் காதிலிருந்ததைக் கழற்றவில்லை. “நீங்க சும்மா சொல்றீங்க மாமா.”

“நான் அதில இருந்தனான் புள்ள. என்ட கையாலதான் தட்டினன்.”

“அப்ப எனக்கு ஏன் ஞாபகம் இல்ல?”

“கைப்புள்ளைக்கு எப்படி ஞாபகம் இரிக்கும்?”

நெற்றியைச் சுருக்கினாள். “எனக்கு அப்பாவையும் ஞாபகம் இல்ல மாமா. முகம் போட்டோவில பாத்தது. குரல் எல்லாரும் கேக்கிற பாட்டில கேட்டது. இது மட்டும்தான் பக்கத்தில படுத்திரிக்கிற மாதிரி இரிக்கு.”

நான் எழும்பி உள்ளே போனேன்.

குசினிக்குள் இருந்து மெரினா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் போனதும், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “அது அவள்ட மூச்செண்டு எனக்குத் தெரியாதா அண்ணா? அந்தத் தடிமனுக்குக் கஷாயம் குடுத்தவள் நான். மறுகா அவளிட்ட இருந்து அதையும் பறிச்சிப்போட்டு என்னத்தக் குடுக்கப் போறீங்க?”

நௌசாத்துக்குப் போன் எடுத்தேன். அவனாவது சாட்சி சொல்வான் என்று நினைத்தேன். “நான் அண்டைக்கு வரல்லடா. வாப்பாக்குச் சுகமில்லையெண்டு ஊட்டில நிண்டன்” என்றான். பிறகு, “எனக்கும் இப்ப அவன்ட மூச்சு மாதிரித்தான்டா கேக்குது, அல்லாஹ் அறிய” என்றான். அவன் அழுகிறான் என்று தெரிந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

போன மாதம் உனக்காக ஒரு நினைவு நிகழ்ச்சி வைத்தார்கள். ‘உருகுமுன்’ முழுத்தட்டையும் மேடையில் வாசிக்கவேண்டும் என்று கேட்டார்கள். நௌசாத் லீவு போட்டு வந்தான். குருக்கள்மடத்திலிருந்து ஒரு இளம்பிள்ளை, மதுரா என்று பெயர், உன் கிற்றாரை வாசித்தாள். உன் தட்டை எத்தனை தரம் கேட்டிருப்பாளோ தெரியாது, நீ பிழையாக விட்ட இடத்தையும் பிழையாகவே வாசித்தாள். மண்டபத்தில் கதவடியிலும் சனம் நின்றது. கால் மணித்தியாலப் பாட்டில் ஒருவரும் எழும்பவில்லை. நீ பார்த்திருக்கவேண்டும் மச்சான். நான் திரும்பித் திரும்பி உன் இடத்தைப் பார்த்தேன். அங்கே மதுரா நின்றாள்.

மேடைக்கு ஏறுமுன்பே ஜெனி என்னிடம் வந்திருந்தாள். புதுச் சட்டை. “மாமா, ஒண்டு கேக்கவா? அப்பா மூச்சு விடுற இடத்தில நீங்க தட்டாதீங்க. எனக்கு அவர்ட சத்தம் மட்டும் கேக்கணும்.”

“ஓம்” என்றேன்.

கடைசிப் பாட்டு வந்தது. மதுராவின் கிற்றார் ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பழைய ரெக்கோர்டிங்கிலிருந்து, என் தட்டலை நீக்கி, மூச்சை மட்டும் போட்டார்கள். மண்டபம் முழுக்க ஒரு குழந்தையின் அடைத்த மூக்கு. ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். பங்குச் சுவாமியார் தலையைக் குனிந்துகொண்டார். நௌசாத் என்னைப் பார்த்தான், நான் பார்க்கவில்லை. இரண்டு நீளம், ஒன்று அடைப்பு. என் விரல் மடியில் துடித்தது. கையைப் பொத்திக்கொண்டேன். முன்வரிசையில் மெரினாவுக்குப் பக்கத்தில் ஜெனி கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூச்சோடு சேர்த்துத் தானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அது அடைக்கிற இடத்தில் அவளும் நிறுத்தினாள். அது விட்டபிறகு அவளும் விட்டாள்.

உன் பிள்ளை தன்னையே கேட்டுக்கொண்டு உனக்காக அழுகிறாள். அது நேரே தெரிந்த இரண்டு பேர், நானும் மெரினாவும், அந்த மண்டபத்தில் இருந்தோம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? சிரித்திருப்பாயா? மைக்கை எடுத்து, “அது என்ட மகள்ட மூக்குச் சளிகா” என்று சொல்லியிருப்பாயா? நீ இருந்திருந்தால் அது வெறும் மூக்குச் சளிதான். நீ இல்லாததால்தான் அது இப்படி ஆகிப்போனது. இதை நான் எந்தப் பக்கத்தால் பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஜெனி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். “தேங்ஸ் மாமா” என்றாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கல்லடிப் பாலத்தில் வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்து, முதுகில் தலையைச் சாய்த்து, அப்படியே நித்திரையாகிவிட்டாள். விழுந்துவிடுவாளோ என்று ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டினேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன் மச்சான். அது யாருடைய மூச்சு என்று அவளாக வந்து என்னிடம் கேட்கும்வரை நான் அந்தக் கதையை எடுக்கமாட்டேன். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். அந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி இருப்பதென்று எனக்குத் தெரியாது. ஆனால் இருப்பேன். அவள் கேட்கிற நாளில் பக்கத்தில் இருப்பேன்.

உன் மச்சான்,
ஜெனியின் மாமா,
அன்ரன்