நாலாயிரம் சாக்கும் ஒரு சர்டிபிகேட்டும்

தண்டையார்பேட்டை
12-6-1954

வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் அன்பு மகள் டாக்டர் ஜெரினாவுக்கு அத்தாவின் ஸலாம்.

உன் அத்தாவை வக்கற்றவன் என்று சர்க்கார் எழுதிவிட்டது. ‘மகளை லண்டனில் படிக்கவைக்க இவருக்கு வசதி இல்லை’ என்று தாலுகா இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட தாள் வியாழக்கிழமை வந்தது. வசதி உண்டு என்று அவர் எழுதினால்தான் உனக்குப் பாஸ்போர்ட். நாலாயிரம் காலிச் சாக்கு வைத்துச் சாக்கு மண்டி நடத்தும் எனக்கு இந்த அநியாயம்!

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. செவ்வாய்க்கிழமை காலை டீக்கடைக்காரன் ஓடி வந்து, “பாய், ஆபீசரு வந்துகினு கீறாரு, உன் மண்டிதான் எங்கேன்னு கேக்கறாரு” என்றான். உன் பாஸ்போர்ட் விண்ணப்பம் போய் இரண்டு மாதம் ஆயிற்று, அது யாருக்கு ஞாபகம்? இந்தத் தெருவில் ஆபீசர் என்றால் விற்பனை வரி ஆபீசர்தான். வழக்கம்போல வண்டிக்காரக் கோதண்டம் சரக்கை ஏற்றினான். பாதி அவன் மாட்டுக்கொட்டகைக்கு, மீதி பச்சையம்மாவின் இட்லிக்கடைக்குப் பின்னால். நான் கிழிந்த கைலியோடு காலி மண்டியில் உட்கார்ந்து இருமினேன். வந்தவர் வியாபாரம் எப்படி என்று கேட்டார். மூன்று நாளாக வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றேன். இளகிய மனசுக்காரர், நாலணாவைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தாள் வந்ததும் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பச்சையம்மாவோ, “இன்னா பாய், நம்ம பாப்பா படிப்புக்கு வந்த ஆபீசரையா அழ வச்சு அனுப்சே?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். தப்பு என்மேல் இல்லை. எதற்கு வந்தேன் என்று அவரல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

அன்றே தாலுகா ஆபீசுக்குப் போனேன். நாலணாவை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, சரக்கு இருக்கிறது என்றேன். அப்படியானால் வரி ரசீதைக் காட்டும் என்றார். ரசீதுக்கு நான் எங்கே போவேன்? இரண்டு நாள் அவரைத் திட்டினேன். இன்று காலை முடிவு செய்துவிட்டேன்: கட்டுகிறேன். மூன்று வருஷ வரி, அபராதத்தோடு.

இனி ஆகவேண்டியது இது. நாளைக்குள் கோதண்டம் சாக்கையெல்லாம் மண்டியில் கொண்டுவந்து அடுக்க வேண்டும். உன் அம்மா என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட வேண்டும். பச்சையம்மா வாயை மூட வேண்டும், அது நடக்காது. திங்கட்கிழமை நான் வரியைக் கட்டி, ரசீதைக் காட்டி, அந்தத் தாளை மாற்றி வாங்க வேண்டும். பம்பாய்க் கப்பலுக்குச் சொல்லிவைக்க வேண்டியது நீ. கம்பளி வாங்க வேண்டியதும் நீ. இரண்டு வருஷப் படிப்பு என்று எழுதியிருக்கிறாய். அதை இரண்டே வருஷத்தில் முடித்துவிட்டு வீடு வந்து சேர வேண்டியதும் நீதான்.

துஆவுடன்,
அத்தா