ஆளுக்கு ஓர் ஊசி

இரட்டையரின் தாயே,

நீ குமாசியில் தங்கையின் பிரசவத்தை நிம்மதியாகப் பார். பிள்ளைகளுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி போட்டாயிற்று.

ஒருவனுக்குப் போட்டதும் இருவரும் சேர்ந்து அலறினார்கள். சமாதானப்படுத்த மடி மாற்றி மாற்றி வைத்தேன். நர்ஸ் அடுத்த ஊசியோடு திரும்பினார்.

"இரட்டையர் அப்பா, இதுல எவனுக்குப் போட்டாச்சு?"

"அழுறவனுக்கும்மா."

"ரெண்டும்தான் அழுவுது. போதாததுக்கு நீங்க வேற."

தொடையில் ஊசி பட்ட புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே மற்றவனுக்குப் போட்டார். ஆளுக்கு ஒன்றுதான், பயப்படாதே.

அடையாளத்துக்கென்று இளையவன் கக்ராவின் மணிக்கட்டில் நீ கட்டிய நீல மணியைக் காலையில் குளிப்பாட்டும்போது கழற்றினேன். பத்திரமாக இருக்கிறது. நீயே வந்து கட்டிவிடு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
இருவருக்கும் அப்பன் என்பதில் மட்டும் குழப்பமில்லாத
உன் கணவன்